தாத்தாவின் கார் காடிலாக்தானா?

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்து உம்கேனி சாலைக் கோயில் வாசலிலிருந்து காவடி ஊர்வலம் கிளம்பும் பழைய படம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். காவடியைப் பற்றித்தான் கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல், படத்தின் ஓரத்தில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த காரைப் பற்றியவை. ஆகவே இந்த மாதம் இந்தப் பகுதி முழுவதையும் அறுபதுகளின் அமெரிக்கக் கார்களுக்கே ஒதுக்கிவிட்டேன். முருகன் மன்னிப்பாராக.

கேள்வி: என் தாத்தா டர்பனின் கிளேர்வுட் பகுதியில் பேருந்து வைத்து ஓட்டியவர். அறுபதுகளின் நடுவில் அவரிடம் ஒரு பெரிய அமெரிக்கக் கார் இருந்தது. அதைக் 'காடிலாக்', அதாவது அமெரிக்காவின் உயர்ந்த சொகுசுக் கார், என்று சொல்லித்தான் வீட்டில் எல்லோரும் வளர்ந்தோம். அண்மையில் என் பெற்றோரின் திருமணப் படம் ஒன்று கிடைத்தது. அதில் காரின் பின்புறம் தெரிகிறது. பக்கத்துக்கு மூன்று வட்ட விளக்குகள் உள்ளன; பின்முனையில் மீன்துடுப்புபோல் எழும் வால்சிறகு இல்லை; ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கிறது. இது காடிலாக்கே அல்ல என்று என் தம்பி வாதாடுகிறான். யார் சொல்வது சரி?
(வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த்)

பதில்: அம்மா, உங்கள் தம்பி சொல்வதே சரி. ஆனாலும் அவரிடம் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டுவிட வேண்டாம். முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

பக்கத்துக்கு மூன்று வட்ட விளக்கு என்று நீங்கள் எழுதிய உடனேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது. அது ஷெவர்லே இம்பாலா. அதே உடலமைப்பில் வந்த பெல் ஏர், பிஸ்கேன் ஆகிய விலை குறைந்த வகைகளுக்குப் பக்கத்துக்கு இரண்டு விளக்குகள்தாம். மூன்றாவது விளக்குக்குத்தான் கூடுதல் பணம் என்று அந்நாளில் வேடிக்கையாகச் சொல்வார்கள். வால்சிறகும் இல்லை என்பதால் 1961-க்கும் 1965-க்கும் இடைப்பட்ட வண்டி. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். விளக்கு வரிசைக்கு மேலே பளபளப்பான உலோகப் பட்டை ஒன்று ஓடி, இரு முனைகளிலும் கீழ்நோக்கி வளைந்து இறங்கினால் அது 1964-ஆம் ஆண்டின் இம்பாலா என்று அடித்துச் சொல்லலாம். அதே காலத்துக் காடிலாக்கில் பின்விளக்கு ஒடுங்கலாக, நெட்டுக்குத்தாக, பின்புறத்தின் இரு ஓரங்களிலும் நிற்கும். காடிலாக்கின் வால்சிறகு 1959-இல் வானத்தை எட்டிப் பிடித்து, பிறகு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, 1964-ஆம் ஆண்டு வண்டியோடு முடிந்துபோனது.

வலப்பக்க ஸ்டியரிங்கும் இதையே சொல்கிறது. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஷெவர்லே, போன்டியாக் போன்ற கார்கள் பகுதி பகுதியாகப் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கனடாவிலிருந்து கப்பலில் வந்து, போர்ட் எலிசபெத் தொழிற்சாலையில் வலப்பக்க ஸ்டியரிங்கோடு பூட்டப்பட்டன. அந்த ஊரில் இவற்றின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1926 முதலே கார் பூட்டிவந்தது. வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட காடிலாக் கண்ணில் படுவதே அரிது. அப்படிப் பட்டாலும் அது பெரும்பாலும் பின்னால் வேறொரு பட்டறையில் மாற்றப்பட்டதாக இருக்கும்.

அப்படியானால் உங்கள் குடும்பம் பொய் சொன்னதா? இல்லை. நகல் எடுப்பதையெல்லாம் ஜெராக்ஸ் என்று சொல்லவில்லையா, அதுபோல நம்மவர்களுக்கு நீளமான அமெரிக்க வண்டியெல்லாம் காடிலாக்தான். நினைவு என்பது தாராளமான குமாஸ்தா. கேட்காமலேயே பதவி உயர்வு கொடுத்துவிடும். 1965-இல் அமெரிக்காவில் இம்பாலா பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதே ஆண்டில் காடிலாக் இரண்டு லட்சத்தைக்கூட எட்டவில்லை. உலகம் முழுவதும் தாத்தாக்கள் ஓட்டிய 'காடிலாக்'குகளில் பெரும்பாலானவை இம்பாலாக்கள் என்றால் நான் வியப்படைய மாட்டேன்.

தம்பியிடம் சொல்ல உங்களுக்கு ஒரு செய்தி மிச்சம் இருக்கிறது. காடிலாக் என்பது டெட்ராய்ட் நகரை நிறுவிய ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். இம்பாலா என்பதோ நம் சூலு மக்களின் சொல். ஹ்லூஹ்லூவே சரணாலயத்தில் காலை வேளையில் கூட்டம் கூட்டமாகத் துள்ளும் மானின் பெயர். நேட்டாலின் மான் அமெரிக்கா போய், காராகி, கனடா வழியாகப் பெட்டியில் படுத்துக்கொண்டு திரும்பி வந்து கிளேர்வுட்டில் நின்றது. இதைவிடப் பெரிய பெயர் உங்கள் தாத்தாவின் காருக்கு வேண்டுமா?

கேள்வி: என் அப்பாவும் அவருடைய நண்பர்களும் அறுபதுகளின் அமெரிக்கக் கார் என்றாலே பெருமூச்சு விடுகிறார்கள். என்னிடம் உள்ள சிறிய ஜப்பானியக் காரிலேயே ஏசி, மின்சாரக் கண்ணாடி, தானியங்கி கியர் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கார்களில் அப்படி என்ன சொகுசு இருந்தது?
(வாசகர் ஒருவர், ஃபீனிக்ஸ்)

பதில்: தம்பி, நீங்கள் அடுக்கிய ஒவ்வொன்றும் அந்தக் கார்களிலிருந்து இறங்கி உங்கள் காருக்கு வந்து சேர்ந்தவை. ஒரு வெப்பநிலையைக் குறித்துவிட்டால், சூடாக்குவதா குளிர்விப்பதா என்று தானே முடிவு செய்துகொள்ளும் ஏசியைக் காடிலாக் 1964-இலேயே கொடுத்துவிட்டது. எதிரே வரும் வண்டியின் ஒளியைக் கண்டு தன் முகப்பு விளக்கைத் தானே தாழ்த்திக்கொள்ளும் மின்கண் ஐம்பதுகளிலேயே வந்துவிட்டது. காலை எடுத்த பிறகும் ஒரே வேகத்தில் ஓடும் குரூஸ் கன்ட்ரோல் 1958-இல் கிரைஸ்லரின் இம்பீரியல் காரில் வந்தது. அதைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே இரு கண்களின் பார்வையையும் இழந்த பொறியாளர் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. வேகம் ஏறுவதையும் இறங்குவதையும் கண்ணுள்ள நம்மைவிட அவர் உடம்பு நன்றாக உணர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் உங்கள் அப்பா விடும் பெருமூச்சு இந்தப் பட்டியலுக்காக அல்ல என்று நினைக்கிறேன். அது மிதப்புக்காக. தமிழில் நாம் இந்த வண்டிகளைப் 'படகுக் கார்' என்று சொல்வது அவற்றின் நீளத்துக்காக மட்டும் இல்லை. ஏழு லிட்டர் கொள்ளளவுள்ள, எட்டு சிலிண்டர் கொண்ட வி-எட்டு இஞ்சின், அதாவது உங்கள் காரின் இஞ்சினைப் போல ஐந்து, முன்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருக்கும். எடை இரண்டு டன். மெத்தென்ற சுருள்வில்களின் மேல் சட்டகம், சட்டகத்தின் மேல் ரப்பர் தாங்கிகள், அவற்றின் மேல் உடல், உடலுக்குள் சோபாவைப் போன்ற ஒரே நீள இருக்கை. சாலையில் பள்ளம் வந்தால் வண்டி குலுங்காது. ஒருமுறை மூச்சை இழுத்து விட்டதுபோல் எழுந்து அமரும். பவர் ஸ்டியரிங் மிக இலேசாக இருந்ததால் ஒற்றை விரலால் திருப்பலாம். சக்கரம் சாலையில் என்ன செய்கிறது என்ற செய்தி அந்த விரலுக்கு வந்து சேராது என்பது வேறு விஷயம். வளைவில் வேகமாகத் திரும்பினால் பின்னிருக்கையில் இருக்கும் பாட்டி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சறுக்கிப் போய்விடுவார்.

குதிரைத்திறன் கணக்கைக் கேட்டு மட்டும் மயங்கிவிடாதீர்கள். 1967-ஆம் ஆண்டுக் காடிலாக்கின் 340 குதிரைத்திறன் என்பது, விசிறியையும் புகைக்குழாயின் மப்ளரையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் இஞ்சினை மேசைமேல் ஓட்டி அளந்த எண். 1972 முதல் அமெரிக்க நிறுவனங்கள் எல்லாவற்றையும் பூட்டிய நிலையில் அளந்த எண்ணைச் சொல்லத் தொடங்கியபோது, பல இஞ்சின்களின் திறன் ஒரே இரவில் தாளில் இளைத்துப்போனது.

அந்தப் பத்தாண்டில் எனக்குப் பிடித்த கார் எது என்று கேட்டால், காடிலாக்கைத் தாண்டி 1961-ஆம் ஆண்டு லிங்கன் கான்டினென்டலைத்தான் சொல்வேன். ஃபோர்டு நிறுவனத்துக்கு லிங்கன் அப்போது நட்டக் கணக்காக இருந்தது. அதை மூடிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ராபர்ட் மெக்னமாரா, பின்னாளில் அமெரிக்காவின் பாதுகாப்பு அமைச்சராகி வியட்நாம் போரால் பெயர் கெட்டவர், எல்வுட் எங்கல் என்ற வடிவமைப்பாளர் தண்டர்பேர்ட் காருக்காகச் செய்து வைத்திருந்த களிமண் மாதிரியைப் பார்த்து, அதையே நான்கு கதவுள்ள லிங்கனாக்கச் சொன்னார். எல்லாரும் வாலை நீட்டிக்கொண்டிருந்த காலத்தில், முந்தைய ஆண்டு வண்டியைவிட ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் குறைத்து, சிறகு, கொம்பு, குரோம் பூ எல்லாவற்றையும் களைந்து, இரண்டு நேர்கோடுகளை மட்டும் வைத்துக் கட்டிய கார் அது. அதன் பின்கதவுக்குக் கீல் பின்பக்கத்தில் இருக்கும். முன்கதவு இடப்புறமும் பின்கதவு வலப்புறமுமாக, நம் பழைய வீடுகளின் இரட்டைக் கதவைப்போலத் திறந்து, முழு வாசலையும் காட்டும். ஒவ்வொரு இஞ்சினையும் மூன்று மணி நேரம் 3,500 சுற்று வேகத்தில் ஓட்டி, பிரித்துப் பார்த்து, மீண்டும் பூட்டினார்கள். முடிந்த காரைப் பன்னிரண்டு மைல் சாலையில் ஓட்டிச் சரிபார்த்தார்கள். இரண்டு ஆண்டு அல்லது 24,000 மைல் உத்தரவாதம் கொடுத்தார்கள். மற்றவர்கள் சில மாத உத்தரவாதத்தோடு கையைக் கழுவிக்கொண்டிருந்த நாள்கள் அவை.

சொகுசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு; அது அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்டின் விளம்பரங்களில் இல்லாதது. நான் பிறந்தது, டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில். நிறவெறி அரசு அங்கிருந்து சாட்ஸ்வொர்த்துக்கு எங்களை அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டிய சில ஆண்டுகளில், எங்கள் தெருவில் ஒரே ஒருவரிடம் பெரிய கார் இருந்தது: போன்டியாக் பரிசியன். பெயர்தான் போன்டியாக், கனடாவிலிருந்து பகுதி பகுதியாக வந்த வகை என்பதால் உள்ளே இருந்ததெல்லாம் ஷெவர்லேயின் சட்டகமும் இஞ்சினும் என்பதை வெகுநாள் கழித்தே அறிந்தேன். ஸ்டாங்கரில் ஒரு திருமணத்துக்கு அதில் போனோம். முன்னிருக்கையில் மூவர், பின்னிருக்கையில் பெரியவர்கள் நால்வர், மடிகளில் நாங்கள். டிசம்பர் வெயிலில் வைனில் இருக்கை தொடையைச் சுட்டது. ஆயா தன் முந்தானையை மடித்து எனக்குக் கீழே போட்டார். சன்னல் ஓரத்து முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் கரும்புத் தோட்டத்துக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அதைத் திருப்பும் உரிமைக்காக நாங்கள் அடித்துக்கொண்டோம். இரயிலில் எங்களுக்கென்று ஒரு பெட்டி, கடற்கரையில் எங்களுக்கென்று ஒரு துண்டு மணல், தபால் நிலையத்தில் தனி வரிசை என்று எங்கும் பலகை மாட்டியிருந்த காலம். அந்தக் காருக்குள் பலகை இல்லை. அதன் சொந்தக்காரர் வெள்ளை வேட்டியோடு ஸ்டியரிங் பிடித்திருந்த நிமிர்வு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் அப்பாவிடம் ஒருநாள், காரைப் பற்றிக் கேட்காமல், அதில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அமெரிக்க அதிபர் கென்னடி சுடப்பட்டபோது சென்ற கார் எது? அதை அழித்துவிட்டார்களா?
(வாசகர் ஒருவர், டொங்காட்)

பதில்: மேலே சொன்ன லிங்கன் கான்டினென்டலேதான், 1961-இல் கட்டி, சின்சினாட்டியில் உள்ள ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் பட்டறையில் வெட்டி நீட்டியது. அழிக்கவில்லை. கவசத் தகடும் நிலையான கூரையும் பொருத்தி, 1977 வரை அடுத்தடுத்த அதிபர்கள் பயன்படுத்தினார்கள். இன்று டியர்பார்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதே காரில் ஏறி உட்கார அவர்களுக்கு எப்படி மனம் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி: இவ்வளவு புகழ்கிறீர்களே, பிறகு ஏன் அவை நம் சாலைகளிலிருந்து மறைந்தன?
(வாசகர் ஒருவர், லெனேசியா)

பதில்: 1973-ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மை. அரபு நாடுகள் நம் நாட்டுக்கும் எண்ணெய் தர மறுத்தன. வேக வரம்பு குறைந்தது. வார இறுதியில் பெட்ரோல் நிலையங்கள் பூட்டிக் கிடந்தன. நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டருக்கு மேல் குடிக்கும் வண்டியை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

ஆனால் நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. உள்நாட்டிலேயே செய்த பாகங்கள் காரில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அரசாங்கம் அறுபதுகளிலிருந்து படிப்படியாக நெருக்கியது. அதையும் எடைக் கணக்கில் அளந்தது. ஆண்டுக்குச் சில நூறு மட்டும் விற்கும் பெரிய காருக்காக இங்கே அச்சு வார்த்துத் தகடு அடித்தால் கட்டுப்படியாகுமா? ஆகவே அறுபதுகளின் முடிவை ஒட்டி ஆஸ்திரேலியாவின் ஹோல்டன் உடலுக்கு ஷெவர்லே முத்திரை குத்தி, கான்ஸ்டான்ஷியா என்றும் கொமாண்டோ என்றும் விற்றார்கள். நல்ல கார்கள்தாம். அவற்றைக் காடிலாக் என்று எந்தப் பேரனும் சொல்லிக்கொண்டதில்லை.

அமெரிக்காவிலோ எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகும் சில ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார்கள். 1970-இல் 8.2 லிட்டர் வரை ஊதிப்போன காடிலாக் இஞ்சின் அதற்கு மேல் ஊத முடியாமல், 1977-ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து காரும் இஞ்சினும் சேர்ந்து சுருங்கத் தொடங்கின.

கேள்வி: ஓய்வூதியப் பணம் கொஞ்சம் கையில் இருக்கிறது. அறுபதுகளின் காடிலாக் அல்லது இம்பாலா ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ள ஆசை. மனைவி முறைக்கிறார். தங்கள் ஆலோசனை என்ன?
(வாசகர் ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஐயா, உங்கள் மனைவியின் முறைப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வாங்குவதானால் சிலவற்றைக் கவனித்து வாங்குங்கள்.

டர்பன் கடற்கரையோரம் நின்ற வண்டியைவிட உள்நாட்டு உயர்நிலத்தில் நின்ற வண்டியைத் தேடுங்கள். வெளியே குரோம் மின்னிக்கொண்டிருக்கும்போதே உப்புக் காற்று தகட்டின் உள்பக்கத்தைத் தின்னும். நான் ஒருமுறை வாங்கப் போன வண்டி வெளியே கண்ணாடிபோல் மின்னியது. பின்பெட்டியின் விரிப்பைத் தூக்கினேன், கீழே புல் தெரிந்தது. விற்றவர் கொஞ்சமும் தயங்காமல் அது காற்றோட்டத்துக்கு என்றார். ஆகவே விரிப்பைத் தூக்குங்கள். சக்கர வளைவின் அடியிலும் கதவின் கீழ்விளிம்பிலும் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று பொருள். இஞ்சினைக்கூடச் சரி செய்துகொள்ளலாம். இத்துப்போன சட்டகம் குடும்பச் சொத்தைக் கேட்கும்.

ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2006 ஜனவரியோடு நின்றுவிட்டது. பழைய இஞ்சின்களின் வால்வு அமரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் மெத்தையாக இருந்தது. அது இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் அந்த இடம் தேயும். இஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றி அங்கே கடினமான உலோக வளையம் பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையிலிருந்து குறைக்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால், பதிவு ஆவணத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் ஒரு ராண்ட்கூடக் கொடுக்காதீர்கள். இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளைப் பதிவு செய்ய இங்கே கட்டுப்பாடு உண்டு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பிரேக். இந்தக் கார்களில் பலவற்றுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். காடிலாக் 1962 முதலும் மற்ற அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலானவை 1967 வாக்கிலும்தான் பிரேக்குக்கு இரட்டைக் குழாய்ச் சுற்றுக்கு மாறின. அதற்கு முந்தைய இம்பாலாவில் ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. நீங்கள் இருக்கும் ஊரிலிருந்து டர்பனுக்கு வர க்ளூஃபிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டன் எடையை டிரம் பிரேக்கால் மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினால் பாதி இறக்கத்தில் டிரம் சூடாகி, மிதித்தும் பிடிக்காமல் போகும். பைன்டவுனில் பச்சை விளக்கு எரியட்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வேறு வழி இராது. தொடக்கத்திலேயே கியரைத் தாழ்த்திவிட்டு இறங்குங்கள். பழைய ரப்பர் குழாய்களை வாங்கிய வாரத்திலேயே மாற்றிவிடுங்கள். மனம் இருந்தால் இரட்டைச் சுற்றுச் சிலிண்டரும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் பொருத்திக்கொள்ளுங்கள். அசல் கெட்டுவிடும் என்று முணுமுணுப்பவர்கள் அந்த இறக்கத்தில் உங்களோடு உட்கார்ந்து வரப்போவதில்லை.

காடிலாக்கா இம்பாலாவா என்று கேட்டால், இம்பாலா. உதிரிப்பாகம் எளிதில் கிடைக்கும். வண்டியும் உங்கள் ஊரின் மான். வண்டிக் கொட்டகையின் நீளத்தை அளந்துவிட்டுப் போங்கள். கார் ஐந்தரை மீட்டரைத் தொடும். பூசைக்குக் கொண்டுவரும்போது நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் எடுத்து வாருங்கள். உம்கேனி சாலையில் வண்டி நிறுத்த இடம் குறைவு. ஆகவே, கொண்டுவருவது எவ்வளவு நீளம் என்று கோயில் அலுவலகத்தில் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.